ஏப்ரலில் ஊன்றிய கிழங்கு

போன மாதம் ஹோபார்ட்டிலிருந்து ஒரு கனவான் என்னைத் தேடி வந்தார். கறுப்புக் கோட்டு, அழுக்கே படாத நகம். பெரிய மனிதர்களும் அவர்கள் போட்ட தோட்டங்களும் என்று ஒரு புத்தகம் எழுதுகிறாராம். அதில் கேப்டன் லிஸ்கார்டுக்கு முழுசாக ஒரு அத்தியாயமாம்.

"கிரேல் குடாவுல மொதமொதல்ல தோட்டம் போட்டவர் அவர்தானே? நீங்க அவருக்குத் துணி தொவச்சவங்கன்னு சொன்னாங்க. தோட்டத்துல அவர் எப்படி இருப்பாரு?" என்று கேட்டார்.

"பூட்ஸ் போட்டுக்கிட்டு நிப்பாரு" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

மண்ணைத் தொட்டவன் யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் நானே எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும், கோபம் நிறைய வரும். அது போதும்.

அம்புரோஸ் பெட்டிஃபர் இங்கிலாந்தில், டார்செட்டில் பிறந்தவன். ஒரு பிரபுவின் மாளிகையில், கண்ணாடிக் கூண்டுக்குள் முலாம்பழம் வளர்ப்பது அவன் வேலை. குதிரைச் சாணத்தின் சூட்டில் விதையை முளைக்க வைத்து, பனிக்காலம் முழுக்கக் கையை உள்ளே விட்டு விட்டுச் சூடு பார்த்து, குழந்தையைப் போல் வளர்த்த கொடிகள் அவை. ஒரு விருந்து வந்தது. பழம் இரண்டு நாள் பிந்தியது. மாளிகையின் காரியக்காரன் சீமாட்டிகள் பார்க்கக் குதிரைச் சவுக்கால் அவனை விளாசினான். இடது காது பாதி கிழிந்து தொங்கியது. மறுநாள் பட்டப்பகலில் அம்புரோஸ் இரண்டு கொடிகளை வேர்மண்ணோடு பெயர்த்துத் தன் தொப்பியில் வைத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகவே வெளியே நடந்தான். ஒளித்து எடுத்துப் போகலாம் என்றுகூட அப்போது அவனுக்குத் தோன்றவில்லை.

நீதிபதியிடம், "நான் மொளைக்க வச்சதுங்க" என்றான்.

"மண்ணு பிரபுவோடது" என்றார் நீதிபதி. இரண்டு கொடிக்கு ஏழு வருஷம். ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, கைதிகளை நாடு கடத்தும் வான் டீமன் தீவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள்.

நான் எதற்காகக் கப்பலேறினேன் என்பது இந்தக் கதைக்கு வேண்டாம். நான் செய்தது நிஜமாகவே திருட்டு.

கிரேல் குடாவில் நாங்கள் இறங்கியது ஒரு பிப்ரவரி. நல்ல வெயில் காலம். கைதிகள், சிப்பாய்கள், அவர்கள் பெண்டாட்டிகள் எல்லாம் சேர்த்து நூற்றைம்பது வாய். கூடாரம் அடிக்கும் முன்பே கேப்டன் லிஸ்கார்ட் தோட்டத்துக்கு இடம் பார்த்தார். ஆற்றங்கரையில் மரமே இல்லாத ஒரு புல்வெளி. கடவுள் நமக்காகவே காட்டைத் திருத்தி வைத்திருக்கிறார் என்றார். கடவுள் இல்லை. கங்காரு மேய வர வேண்டும் என்று அந்த மண்ணின் கறுப்பு மக்கள் வருஷா வருஷம் தீ வைத்துப் பழக்கிய நிலம் அது. மூன்றாவது வாரம் அவர்கள் வழக்கம்போல் வேட்டைக்கு வந்தார்கள். வீட்டுக்காரர்கள் தங்கள் வீட்டுக்கு வருவதுபோல், பெண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற சிப்பாய்கள் சுட்டார்கள். நான்கு பேர் விழுந்தார்கள். அதில் ஒருத்தியின் தோளில் மாட்டியிருந்த பின்னல் கூடையில் காட்டுக் கிழங்கு இருந்தது.

புதைக்கும் வேலை தோட்டக்காரனான அம்புரோஸ் தலையில் விழுந்தது. வேலி ஓரத்தில் புதைத்தான். ஈரமான, கொழுத்த மண் அது. அங்கே முட்டைக்கோஸ் போடச் சொன்னார் கேப்டன். "மண்ணு புளிச்சிருக்கு துரை, ஒண்ணும் வராது" என்று சொல்லிவிட்டான் அம்புரோஸ். அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் அதையேதான் சொன்னான். கடைசிவரை அங்கே எதையும் ஊன்றவில்லை. மண்ணைப் பற்றி அவன் சொன்ன முதல் பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

கேப்டனிடம் ஒரு புத்தகம் இருந்தது. லண்டனில் அச்சிட்ட தோட்டப் பஞ்சாங்கம். மாதத்துக்கு ஓர் அத்தியாயம். எந்த மாதம் எதை விதைக்க வேண்டும், எதை நட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். பைபிளை வேலைக்காரன் தூக்கி வருவான், இந்தப் புத்தகத்தை மட்டும் அவரே கையில் வைத்திருப்பார். ஏப்ரல் அத்தியாயத்தில் வெள்ளரி, பூசணி, அவரை எல்லாம் விதைக்கச் சொல்லியிருந்தது. இங்கிலாந்தில் ஏப்ரல் என்றால் வசந்தம். எங்கள் தீவில் ஏப்ரல் என்றால் குளிர் வாசலுக்கு வந்து நிற்கும் மாதம். இது கேப்டனுக்குத் தெரியாமல் இல்லை. அவர் மடையர் அல்ல, படித்தவர். படித்தவர் என்பதால் அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

"இங்க பாரு பெட்டிஃபர். வெயில் இந்த ஊரோடது, வெதை நம்ம ஊரோடது. ஆயிரம் வருஷமா ஏப்ரல்ல மொளைச்ச வெதைக்கு ஏப்ரல்னா என்னன்னு நீ சொல்லித் தரணுமா? அது ரத்தத்துல இருக்குடா. இங்கிலீஷ்காரன் எங்க போனாலும் இங்கிலீஷ்காரன்தானே?"

"இங்கிலீஷ்காரனுக்குக் கம்பளி இருக்குங்க துரை. வெள்ளரிக்கு இல்லியே" என்றான் அம்புரோஸ்.

விதைத்தது அத்தனையும் ஜூன் பனியில் கருகியது. அம்புரோஸுக்கு ஐம்பது சவுக்கடி. இருபத்தைந்து பயிர் போனதற்கு, இருபத்தைந்து அந்தக் கம்பளிப் பேச்சுக்கு. சவுக்கு என்றால் ஒன்பது வால் சவுக்கு, ஒவ்வொரு வாலிலும் முடிச்சு. அடித்தவன் ஸ்டப்ஸ். அவனும் கைதிதான். ஊரில் கசாப்புக் கடை வைத்திருந்தவன் என்பதால் அந்த வேலையை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். அடி வாங்கியவர்களின் சட்டைகள் என்னிடம்தான் துவைக்க வரும். அம்புரோஸின் சட்டை அவன் முதுகோடு ஒட்டிக்கொண்டு, அவனோடு சேர்ந்தே வந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, துணியைச் சதையிலிருந்து இழை இழையாகப் பிரித்தேன். அவன் முதுகுதான் எனக்கு முதலில் பழக்கம், முகம் அப்புறம்தான். அந்தக் குளிர்காலம் முடியும் முன் ஒரே குடிசையில் இருந்தோம். பாதிரியார் இல்லாத ஊர், யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் வருஷம் மார்ச்சில் ஒரு கப்பல் வந்தது. எங்களுக்கு வர வேண்டிய மாவில் பாதிதான் அதில் இருந்தது. அடுத்தது நவம்பரில் வரும் என்றார்கள். மாவோடு நான்கு மூட்டை விதை உருளைக்கிழங்கும் இறங்கியது. மூட்டையைப் பிரித்தபோது கிழங்கெல்லாம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. கேப்டனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிள்ளை பெற்றவர் மாதிரி ஒரு கிழங்கைக் கையில் தூக்கிக்கொண்டு கிடங்கு வாசலில் எல்லோருக்கும் காட்டினார்.

"பாத்தியாடா? நடுக்கடல்ல, இருட்டுல, ஒரு பஞ்சாங்கமும் இல்லாம இதுக்கு மாசம் தெரிஞ்சிருக்கு. ஏப்ரல் மொத வாரம் நாலு மூட்டையும் மண்ணுக்குள்ள போகணும்."

அம்புரோஸுக்கு விஷயம் தெரியும். கப்பலின் அடியறைச் சூட்டில் எந்தக் கிழங்கும் முளைக்கும், அதற்கு மாதம் தெரிய வேண்டியதில்லை. அந்த முளைகளைக் கையால் தேய்த்து உதிர்த்துவிட்டு, குளிர்ந்த மணலில் மூடி வைத்தால் கிழங்கு திரும்பத் தூங்கிவிடும். செப்டம்பரில் மறுபடி முளைக்கும். அப்போது நட்டால் டிசம்பரில் தோண்டலாம். ஒரு மூட்டைக்குப் பத்து மூட்டை வரும். இப்போதே நட்டால் குளிர்ந்த ஈர மண்ணில் ஒன்று மிச்சமில்லாமல் அழுகும். இதையெல்லாம் அவன் கேப்டனிடம் சொல்லவில்லை, ஆற்றங்கரையில் துணி அடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து சொன்னான்.

"டாமரிஸ், துரை சட்டைய எத்தன நாளைக்கு ஒருக்கா தொவைப்ப?"

"அவரு வேர்க்கறதப் பொறுத்து. ஏன்யா?"

"இந்த வாரம் தெனம் தொவை. பெரிய கூடையா எடுத்துட்டு வா."

கையிலிருந்த துணியைக் கல்லில் போட்டேன். "மாட்டினா என்ன பண்ணுவாங்க?"

"அரசாங்கக் கெடங்கு சாமான். தூக்குதான்."

"அப்புறம் ஏன்யா சிரிக்கிற?"

"சிரிக்கலடி. குளிர்ல ஒதடு வெடிச்சிருக்கு."

ஏப்ரல் மூன்றாம் தேதி கேப்டன் பூட்ஸோடு வந்து நின்று, முதல் நான்கு பாத்தியில் கிழங்கு ஊன்றுவதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தார். ஒன்பது மணிக்குக் காலைச் சாப்பாட்டுக்குப் போனார். அதோடு ஒரு மூட்டை தீர்ந்தது. மிச்சப் பன்னிரண்டு பாத்தியில் அம்புரோஸ் ஊன்றியது ஆற்றுக் கூழாங்கல். அதே அளவு, அதே இடைவெளி. மேலே அழகாக மண் அணைத்து, பாத்தி தலைப்பில் குச்சி நட்டு, தேதி எழுதிய பலகையும் கட்டினான். மூன்று மூட்டைக் கிழங்கும் நான்கு நாளில் கூடை கூடையாக, கேப்டனின் அழுக்குச் சட்டைகளுக்கு அடியில், பட்டப்பகலில் காவல்காரனைத் தாண்டிப் போனது. காவல்காரன் என் கூடையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டான். ஆற்றின் வளைவில் பெரணிச் செடி மண்டிய கரையில் குழி வெட்டி, மணல் பரப்பி, நானும் அவனும் கிழங்குகளின் முளைகளை ஒவ்வொன்றாக உதிர்த்து அடுக்கினோம். செப்டம்பர்வரை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும். டிசம்பரில் முப்பது மூட்டை. முதலில் அடித்துச் சாகடிப்பார்கள், அப்புறம் தோண்டிச் சாப்பிடுவார்கள் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

காட்டிக்கொடுத்தது பசி. ஏப்ரல் முடிவதற்குள் மாவும் உப்புக்கறியும் பாதி அளவாகிவிட்டன. ஃபாகர்டி என்று ஓர் ஐரிஷ்காரன். வாய் சும்மா இருக்காது, தலையில் சுட்டாலும் ஏதாவது பதில் சொல்லிவிட்டுத்தான் விழுவான். ஒரு மத்தியானம் மூடுபனியில் தோட்டத்துக்குள் புகுந்து பாத்தியைக் கிளறினான். பிடித்துக்கொண்டு வந்து கேப்டன் முன்னால் நிறுத்தினார்கள். எல்லோரையும் அணிவகுக்கச் சொன்னார்கள்.

"கையில என்னடா?" என்றார் கேப்டன்.

"கல்லுங்க துரை."

"கெழங்கு எங்க?"

"அதத்தாங்க நானும் கேக்கறேன். கெழங்கு திருடத்தான் போனேன், மறைக்கல. ஆனா திருடினது கல்லு. கல்லு திருடினா எத்தன அடின்னு சட்டத்துல பாத்துச் சொல்லுங்க. ஒண்ணக் கடிச்சு வேற பாத்துட்டேன், அதையும் சேத்துக்கங்க."

கூட்டம் சிரித்தது. சிப்பாய்கள்கூடச் சிரித்தார்கள். அம்புரோஸ் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. கேப்டன் எங்கள் எல்லோரையும் விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு நடந்தார். பூட்ஸ் காலால் ஒரு பாத்தியை உதைத்துப் பிரித்தார். கல். அடுத்தது, கல். அப்புறம் முழங்காலில் விழுந்து கையால் கிளறினார். அந்தத் தோட்டத்தின் மண் அவர் நகத்தில் ஏறியது அன்று ஒரு நாள்தான்.

ஃபாகர்டிக்கு நூறு அடி. அம்புரோஸுக்கு எண்ணிக்கையே சொல்லவில்லை. மூட்டை எங்கே என்று சொல்லும்வரை, அல்லது அவன் தாங்க மாட்டான் என்று வைத்தியர் சொல்லும்வரை. வைத்தியர் காலையிலேயே ரம்மில் மிதப்பவர். அவருக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

மூன்று கம்புகளைக் கூம்பாகக் கட்டிய சட்டத்தில் அம்புரோஸின் மணிக்கட்டுகளைப் பிணைத்தார்கள். ஸ்டப்ஸ் சவுக்கின் வால்களை விரலால் கோதியபடி அவன் காதருகே குனிந்தான். நான் முன்வரிசையில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"மெதுவா அடிச்சா என்னையும் கட்டிடுவாங்கடா. மன்னிச்சுக்க."

"ஒன் வேலையப் பாரு ஸ்டப்ஸ். எனக்கும் அதத்தான சொன்னாங்க" என்றான் அம்புரோஸ்.

முப்பதாவது அடியில் பழைய தழும்பெல்லாம் பிளந்துவிட்டது. ஐம்பதில் ரத்தம் காற்சட்டையில் வழிந்து பூட்ஸில் இறங்கியது. ஸ்டப்ஸ் வாலைக் கையால் பிழிந்து உதறினான். உதறியது நான் முன்னால் கட்டியிருந்த வேலைத் துணியில் தெறித்தது, அதில் சதையும் இருந்தது. தொண்ணூறில் கேப்டன் நிறுத்தச் சொல்லிக் கேட்டார்.

"எங்கடா வச்சிருக்க?"

"செப்டம்பர்ல சொல்றேன் துரை."

மறுபடி ஆரம்பித்தார்கள். நூற்றைம்பதில் தோள்பட்டை எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவனுடைய நாய் ஒன்று உண்டு, அது வந்து சட்டத்தின் அடியில் நக்கியது. ஒரு சிப்பாய் அதைத் துப்பாக்கிக் கட்டையால் மண்டையில் அடித்துக் கொன்றான். வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டு, "தாங்குவான், தாங்குவான்" என்றார். இருநூறில் அம்புரோஸ் கத்துவதை நிறுத்திவிட்டான். அதுவரை அவன் கத்தியது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

இருநூற்றுப் பத்தாவது அடிக்கு ஸ்டப்ஸ் கையை ஓங்கினான். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன்.

"எனக்குத் தெரியும். நிறுத்துங்க. நான் காட்டறேன்" என்றேன்.

செத்துவிட்டான் என்று நான் நினைத்த அந்த மனுஷன் தலையைத் தூக்கினான். கண் தெரியவில்லை, என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"வாய மூடுடி! டாமரிஸ், சொல்லாத! நான் தாங்குவேன்! சொல்லாதடி!"

நூற்றைம்பது பேரும் கேட்டார்கள். நான் நேராக ஆற்று வளைவுக்கு நடந்தேன். சிப்பாய்கள் பின்னால் வந்தார்கள். பெரணியை விலக்கி மணலைக் காட்டினேன்.

கிழங்குகள் பத்திரமாக இருந்தன. ஒன்றில்கூட முளை இல்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தன. மூன்று மூட்டையையும் அன்றைக்கே பாத்தியில் ஊன்ற வைத்தார் கேப்டன். கல்லையெல்லாம் பொறுக்கி எடுக்கும் வேலை எனக்கு. அது முடிந்ததும் என் தலையை மொட்டையடித்து, கழுத்தில் இரும்பு வளையம் மாட்டினார்கள். இரண்டு மாதம் படுத்தால் குத்தும், நிமிர்ந்தால் கனக்கும். அம்புரோஸைத் தூக்கிலிடவில்லை. கிழங்கு கிடைத்த சந்தோஷத்தில் கேப்டன் கருணை காட்டினார். அப்படித்தான் அவர் தன் குறிப்பேட்டில் எழுதினாராம். கருணை என்ற அந்த வார்த்தையைப் புத்தகம் எழுத வந்த கனவான் எனக்குப் படித்தே காட்டினார்.

மே முழுக்க மழை. ஜூனில் பனி தட்டு தட்டாக இறங்கியது. ஜூலையில் பாத்தியைத் தோண்டிப் பார்த்தபோது நாற்றம் குடலைப் புரட்டியது. விரலை வைத்தால் சீழ் மாதிரி பிதுங்கியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. குழியில் ஒளித்து வைத்ததால்தான் விதை கெட்டது, பெட்டிஃபர் ஊன்றிய அன்றே ஒழுங்காக ஊன்றியிருந்தால் விளைந்திருக்கும் என்றார் கேப்டன். முதல் நான்கு பாத்தியும் அப்படியேதான் அழுகிக் கிடந்தன. அதைப் பற்றி அவர் பேசவில்லை.

நவம்பரில் கப்பல் வரவில்லை. மீன் பிடிக்க இருந்த ஒரே படகு புயலில் உடைந்திருந்தது. கங்காருவெல்லாம் எங்கள் துப்பாக்கிக்கு எட்டாத தூரம் போய்விட்டது. டிசம்பரில், அந்தக் கிழங்கைத் தோண்டியிருக்க வேண்டிய டிசம்பரில், ஸ்கர்வி வந்தது. பச்சைக் காய்கறி இல்லாமல் உப்புக்கறியே தின்றால் வரும் நோய். ஈறு வீங்கிக் கறுக்கும், பல் தானாகக் கழன்று விழும், ஆறி வருஷமான புண்ணெல்லாம் திரும்ப வாய் திறக்கும். முதலில் ஒரு சிப்பாய் மனைவி செத்தாள். அப்புறம் வாரத்துக்கு ஒருவர் இருவர். மாவுக்காக இரண்டு பேர் கத்தியால் குத்திக்கொண்டார்கள், குத்தியவனைத் தூக்கில் போட்டார்கள். ஸ்டப்ஸ் ஜனவரியில் போனான். மொத்தம் பதினேழு பேர்.

ஆண்கள் என்னைப் பார்த்தால் காறித் துப்பினார்கள். ஒருநாள் கிணற்றடியில் மூன்று பெண்கள் என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது. நான் கையைத் தூக்கவில்லை. அவர்களில் ஒருத்தி அதற்கு முந்தின நாள்தான் தன் புருஷனைப் புதைத்திருந்தாள்.

ஃபாகர்டிக்குக் கடைசி நாட்களில் தண்ணீர் கொடுத்தது நான்தான். வேறு யாருக்கும் எழுந்து நடக்கத் தெம்பில்லை. வாயெல்லாம் ரத்தமாக இருந்தும் அவன் பேச்சு குறையவில்லை.

"நல்ல பொம்பளடி நீ" என்றான்.

"சும்மா கெட."

"நெஜமாத்தான் சொல்றேன். நல்லவதான் நீ. ஒருத்தனுக்கு."

அவன் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் குத்துகிறது. அடுத்த நாள் செத்துப்போனான். நூற்றைம்பது பேரையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, இன்னொன்றில் ஒரு முதுகை வைத்தால் எது கனம் என்று எனக்கும் தெரியும். அன்றைக்கும் தெரியும். கப்பல் வராமல் போகும் என்பது மட்டும்தான் தெரியாது. தெரிந்திருந்தாலும் இருநூற்றுப் பத்தில் வரிசையை விட்டு வெளியே வந்திருப்பேன். இதை நான் பெருமையாக எழுதவில்லை. பொய் எழுத எனக்கு வயசில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி கடைசியில் கப்பல் வந்தது. கேப்டன் லிஸ்கார்ட் பதவி உயர்வோடு அதில் ஏறிப் போனார். புதிதாக வந்த அதிகாரிக்குச் செடி கொடியில் அக்கறை கிடையாது, சீட்டாட்டத்தில்தான். தோட்டத்தை அம்புரோஸ் பாட்டுக்கு விட்டுவிட்டார்.

இத்தனை மாதமும் அம்புரோஸ் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவில்லை. அடிக்கவில்லை. என் பக்கத்தில்தான் படுத்தான், குப்புறத்தான் படுக்க முடியும். வலது கை தோளுக்கு மேல் தூக்க வராது. செத்தவர்களை இடது கையால் மண் தள்ளிப் புதைத்தான். பதினேழு பேரையும் அவன்தான் புதைத்தான். ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து கை கழுவிவிட்டு, நான் கொடுத்ததைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வான். அவன் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

செப்டம்பர் வந்தது. புதுக் கப்பலில் வந்த கிழங்கை ஊன்றினோம். அவனால் குனிய முடியாததால் அவன் குழி போட, நான் பின்னாலேயே போட்டுக்கொண்டு போனேன். வெயில் இதமாக இருந்தது, மண் கையில் உதிரி உதிரியாக இருந்தது. பாதிப் பாத்தியில் எனக்குத் தாங்கவில்லை. கூடையைக் கீழே போட்டேன்.

"ஏன்யா ஒண்ணும் கேக்க மாட்டேங்குற? என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்த திட்டித் தொலையேன். பதினேழு பேருய்யா. நான் கொன்னுட்டேன்னு சொல்லேன்."

அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்தான். கேப்டனிடம் மண் புளித்திருக்கிறது என்று சொல்வானே, அதே குரலில் சொன்னான்.

"நானே சொல்லப் போனேன், டாமரிஸ். அடுத்த அடியில சொல்லியிருப்பேன். வாயத் தொறந்துட்டேன். அதுக்குள்ள நீ முந்திக்கிட்ட."

நான் அவனைப் பார்த்தேன். சொல்லாதே என்று அவன் அலறியதை நூற்றைம்பது பேர் கேட்டிருந்தார்கள்.

"ஆமாய்யா. தெரியும்" என்றேன்.

அவன் தலையாட்டினான். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் என்னோடு இருந்தான். இருவரும் அதை மறுபடி பேசவில்லை. அன்று அவன் அடுத்த குழியைப் போட்டான், நான் கிழங்கை எடுத்துப் போட்டேன்.